மல்லாந்தபடி விளையாட ஒரு பெட்டி

போன வருஷம் என் வீட்டுக்காரர் எட்டு வாரம் மல்லாந்து படுத்திருந்தார். அவர் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். பஸ்ஸின் பின்பக்க ஏணியில் நின்று கூரையைக் கழுவும்போது கால் சறுக்கி விழுந்து, முதுகெலும்பில் விரிசல் விட்டுவிட்டது. அறுவை சிகிச்சை வேண்டாம், ஆனால் எட்டு வாரம் தலையணைகூட வைக்காமல் நேராகப் படுத்திருக்க வேண்டும், உட்காரவே கூடாது என்று டாக்டர் சொன்னார். நடுவில் எழுந்து உட்கார்ந்து எலும்பு கோணலாகக் கூடிவிட்டால் பஸ் ஓட்டுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

கை கால் அசைகிறதே, அதுவே முருகன் கொடுத்தது என்று நான் கும்பிட்டேன். ஆனால் அவருக்குப் படுத்திருப்பதுதான் பெரிய தண்டனை. விடியற்காலையில் எழுந்து, கடல் பாலத்தைத் தாண்டிப் போய், என்னையும் மற்ற ஆட்களையும் ஏற்றி இறக்கி, வீட்டுக்கு வந்தாலும் ஒரு பைப்பையோ பூட்டையோ கழற்றிக்கொண்டிருப்பவர். முதல் வாரம் எப்படியோ கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இரண்டாவது வாரம் ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அஞ்சு நிமிஷந்தான்லா," என்றார்.

நான் மெத்தையைத் தொட்டுப் பார்த்தேன். "மெத்தை ஆறிப் போய்க் கெடக்கு. அஞ்சு நிமிஷமா இது?"

திரும்பப் படுத்துக்கொண்டார். மறுநாளும் உட்கார்ந்தார். நானும் மகளும் காலையில் வேலைக்குப் போய்விட்டால் அவரைக் காவல் காக்க வீட்டில் ஆள் இல்லை. கைபேசியைக் கொடுத்துப் பார்த்தோம். "கண்ணாடியைத் தடவிக்கிட்டே இருக்கறதா? கைக்கு ஒண்ணுமே தெரியலையே," என்று ஓரமாக வைத்துவிட்டார். அப்புறம் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "அந்த கேம் பெட்டி இன்னும் தம்பிகிட்ட இருக்குமா?"

அவரும் அவர் தம்பியும் கல்யாணத்துக்கு முன்னால் சம்பளத்தில் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய பெட்டி அது. டிவியில் மாட்டி விளையாடுவது. நான் மருமகளாக வந்த புதிதில் சமையலை முடித்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கார் பந்தயம் ஓட்டுவேன். பஸ் ஓட்டுகிற மனுஷரை நான் தோற்கடித்த நாட்கள் உண்டு. பழைய குண்டு டிவி கெட்டுப்போனதும் பெட்டி கெப்பாலா பத்தாஸில் இருக்கும் கொழுந்தன் வீட்டுக்குப் போய்விட்டது. இப்போதைய டிவியில் அதன் ஒயரைச் செருக இடம் கிடையாது. இருந்தாலும் பயனில்லை. டிவி சுவரில் இருக்கிறது, அவரால் தலையைத் தூக்க முடியாது.

அன்று சாயங்காலம் மகள் கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினாள். எங்கோ ஒரு வெள்ளைக்காரர் அதே மாதிரி பழைய பெட்டி ஒன்றைப் பிரித்து, உள்ளே இருக்கும் போர்டை எடுத்து, சின்னத் திரையும் பேட்டரியும் சேர்த்து, கையில் பிடித்து விளையாடுகிற மாதிரி மாற்றிக்கொண்டிருந்தார்.

"மா, இது நீ ஃபேக்டரியில செய்யற வேலைதானே?"

நான் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில் படிப்பை நிறுத்தியவள். ஆனால் மாக் மண்டினில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பதினேழு வருஷமாக ரிப்பேர் மேசையில் இருக்கிறேன். பழுதான போர்டு வரும். பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே வைத்து, கெட்டதைக் கழற்றி, நல்லதை ஈயம் வைத்து ஒட்டுவேன். எந்த போர்டு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது, ஒட்டு நன்றாக இருக்கிறதா என்று தெரியும். வீடியோவை நான்கு தடவை பார்த்தேன். அந்த வெள்ளைக்காரரின் ஒட்டுகள் அவ்வளவு சுத்தமில்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் பெட்டியை இடுப்பில் கட்டுகிற சாரத்தில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவது போல் தூக்கி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"அண்ணி, இதை அறுக்கப் போறீங்களா? இன்னைக்குத் தேடினாலும் கெடைக்காது. இது ஒண்ணுதான் இருக்கு."

உள்ளேயிருந்து அவர் அண்ணன் குரல் கொடுத்தார். "என் பாதியை அறுத்துக்கட்டும். உன் பாதியை நீ எடுத்துட்டுப் போ."

"எது உன் பாதி? ஒயர் இருக்கற பக்கமா?" என்று கேட்டுக்கொண்டே கொழுந்தன் அறைக்குள் போனார். அண்ணன் படுத்திருந்த விதத்தைப் பார்த்தவர் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது பெட்டியை என் கையில் கொடுத்து, "போனா போவட்டும் அண்ணி. ஆனா போக விட்டுராதீங்க," என்றார்.

சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன மேசையில் வேலையை ஆரம்பித்தேன். தினமும் விளக்கேற்றித் திருநீறு பூசிக்கொண்ட பிறகு ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்த பிறகு மத்தியானம் வரைக்கும். திரையை வெளியில் தேட வேண்டியிருக்கவில்லை. பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது பார்க்கிற கேமராவுக்குப் பெரிய திரை போட்டபோது அவர் கழற்றி வைத்த சின்னத் திரை அலமாரியில் கிடந்தது. அந்தக் காலத்துப் பெட்டியிலிருந்து படம் அனுப்புகிற மஞ்சள் ஒயரை அது அப்படியே ஏற்றுக்கொள்ளும். உறைக்கு நான் வேலைக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டு டப்பா. கெட்டியான பிளாஸ்டிக், எடையும் இல்லை. மூடியில் திரைக்கு ஒரு சன்னலும் பொத்தான்களுக்கு ஓட்டைகளும் வெட்டினேன். எத்தனை கழுவியும் உள்ளே லேசாக மிளகாய்ச் சம்பல் வாசனை இருந்தது.

கஷ்டமான இடம் ஒன்றுதான். விளையாட்டு பதிந்திருக்கும் கேம் கட்டையைச் செருகும் வாயைக் கழற்றி டப்பாவின் பின்பக்கத்துக்கு மாற்ற வேண்டும். அதற்குத் தலைமுடி போல ஐம்பது ஒயர், இரண்டு முனையிலும் சேர்த்து நூறு ஒட்டு. ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு 'சரவணபவ' சொன்னேன். தொழிற்சாலையிலும் அப்படித்தான் எனக்குப் பழக்கம். சொல்லி முடிக்கிற நேரமும் ஈயம் ஓடிப் பிடிக்கிற நேரமும் சரியாக இருக்கும்.

என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? மகள் தன் கைபேசியை என் தலைக்கு மேலே பிடித்து வீடியோ காலில் மேசையைக் காட்ட, அடுத்த அறையில் படுத்துக்கொண்டே ஃபோர்மன் வேலை பார்த்தார்.

"அந்தப் பச்சை ஒயர் எங்க போவுது?"

"அது போற எடத்துக்குத்தான் போவுது."

"வளைச்சு விடு. இழுத்துக் கட்டாதே."

"நான் உங்க பஸ்ஸுல ஏறினா ஸ்டீரிங்க எப்படிப் பிடிக்கணும்னா சொல்றேன்?"

"சொல்லுவியே. தினமும்தான் சொல்லுவே," என்றார். மகள் சிரித்ததில் கைபேசி ஆடியது.

ஒன்று கவனித்தேன். அந்த மூன்று வாரமும் அவர் எழுந்து உட்காரவில்லை. பகலில் ஒரு சந்தேகத்தை யோசித்து வைத்திருந்து, நான் வந்ததும் கேட்பார். பெட்டி முடிவதற்கு முன்பே அவரைப் படுக்க வைத்துவிட்டது. ஆனால் முடிந்து அது ஓடாமல் போனால் என்ன ஆகும்? இன்னும் மூன்று வாரம் பாக்கி இருந்தது.

எல்லா ஒயரையும் ஒட்டி முடித்தபோது ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பூஜையைக் குறையில்லாமல் செய்வோம். அரிவாள்மணை, தையல் இயந்திரம், மகளின் கணினி, அவருடைய பஸ் சாவி, என் சோல்டரிங் கோல், குறடு எல்லாவற்றையும் துடைத்துச் சாமிக்கு முன்னால் அடுக்கினேன். பன்னீர் விட்டுச் சந்தனம் குழைத்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தேன். அந்த வரிசையில் போர்டும் இருந்தது. அதற்கும் நடுவில், கறுப்பாகப் பெரிதாக இருந்த சிப் சில்லின் நெற்றியில் ஒரு பொட்டு. மற்ற எல்லாவற்றையும்விடக் கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன். என் வீட்டுக்காரருக்காக வைத்தது அல்லவா? பொரியும் கடலையும் படைத்துச் சூடம் காட்டினோம். பூஜையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது. தொடவில்லை.

மறுநாள் காலையில் மறு பூஜை முடித்து போர்டை எடுத்தேன். சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. அதை ஊதிவிட்டு, டப்பாவில் வைத்து, பேட்டரியைக் கொடுத்தேன். திரை வெளிச்சமானது. படம் வரவில்லை, கோடு கோடாக ஓடியது. இரண்டு விநாடியில் நிறமும் போய் ஒரு சூட்டு வாசனை வந்தது. பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன். சில்லைத் தொட்டால் விரல் வைக்க முடியவில்லை.

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பன்னீரோடு இளகிய குங்குமம் சில்லின் நெற்றியிலிருந்து வழிந்து, அதன் கம்பிக் கால்களுக்கு நடுவே போய்ச் செக்கச்செவேலென்று காய்ந்திருந்தது.

தொழிற்சாலையில் தலையில் தொப்பி போடாமல் என் மேசைக்குப் பக்கத்தில் யாரையும் விட மாட்டேன். போர்டில் ஒரு முடி விழுந்தால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டிப் பேசுவேன். அப்படிப்பட்ட நான் என் கையாலேயே ஈரச் சந்தனத்தை எடுத்து வைத்திருக்கிறேன். மேசைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னம்மா, சத்தமே இல்ல?" என்று அறையிலிருந்து கேட்டார்.

மகள் மெதுவாக, "ஒயர் ஒண்ணு விட்டுப்போச்சுன்னு சொல்லிடவா மா?" என்றாள். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போர்டை எடுத்துக்கொண்டு போய் அவர் முகத்துக்கு மேலே காட்டினேன். நடந்ததைச் சொன்னேன்.

போர்டைக் கண்ணுக்குக் கிட்டே இழுத்துப் பார்த்தார். "பஸ்ஸுக்கும் வருஷா வருஷம் பொட்டு வைக்கிறியே, எங்க வைப்பே?"

"முன்னால, கண்ணாடிக்குக் கீழ."

"இஞ்சினத் தொறந்து உள்ள வைக்கலையே?"

அவர் முதலில் சிரித்தார். அப்புறம் மகள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே சிரிப்பும் வந்தது. "சிரிக்க வைக்காதே, முதுகு வலிக்குது," என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். விழுந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

சாமி மேல் எனக்கு ஒரு குறையும் வரவில்லை. உள்ளே வை என்று முருகன் கேட்டாரா? நான்தான் வைத்தேன். ஆனால் இரண்டு விநாடியில் பேட்டரியைப் பிடுங்க என் கையை ஓட விட்டது யார் என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்துக் கடையில் ஆல்கஹால் வாங்கி வந்தேன். பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு காலாகத் தேய்த்தேன். பஞ்சு முதலில் சிவப்பாக வந்தது, அப்புறம் ரோஜா நிறம், அப்புறம் வெள்ளை. இரண்டு கால்களில் ஒட்டு கறுத்திருந்தது. பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாக ஒட்டினேன். ஒரு நாள் முழுக்கக் கூரையில் சுற்றும் காற்றாடிக்குக் கீழே வைத்தேன். ஈரம் போகட்டும் என்று காத்திருந்தேன், கூடவே எனக்குப் பயமும் இருந்தது. அன்று வேலை முடிந்து வரும்போது கோயிலில் கொடுத்த குங்குமத்தைத் தாளில் மூன்று மடிப்பு மடித்துப் பையின் அடியில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த நாள் சாயங்காலம் அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பேட்டரியைக் கொடுத்தேன். திரை வெளிச்சமானது. ஒரு கணம் ஒன்றுமில்லை. அப்புறம் அந்தப் பழைய டிங்டிங் சத்தம். என் கல்யாணமான புதிதில் அடுப்படியில் நிற்கும்போது கேட்ட அதே சத்தம். கார் வந்து கோட்டில் நின்றது.

"குடு குடு," என்று கையை நீட்டினார்.

"இருங்க." டப்பாவை மூடி நான்கு திருகாணியும் போட்டேன். அப்புறம் மூடியின் மேலே, திரைக்கு மேல் நடுவில், குங்குமத்தால் சின்னதாக ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தேன்.

முகத்துக்கு மேலே பிடித்து விளையாட ஆரம்பித்தார். இரண்டு வளைவு தாண்டியதும் வலதுபக்கம் திருப்ப உடம்பையும் திருப்பப் பார்த்தார். "ஆடாதீங்க," என்று நான் அதட்ட, டப்பா கை நழுவி நேராக மூக்கில் விழுந்தது.

"பா, மூக்குல பொட்டு," என்றாள் மகள்.

அதைத் துடைக்காமலேயே அடுத்த பந்தயத்தை ஆரம்பித்தார். கொழுந்தனுக்குப் படம் பிடித்து அனுப்பினோம். "என் பாதி எப்ப வரும்?" என்று பதில் வந்தது.

பாக்கி மூன்று வாரமும் நான் வேலையிலிருந்து வரும்போதெல்லாம் மெத்தையைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாகவே இருக்கும். எட்டாவது வாரம் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நேராகக் கூடியிருந்தது. அதற்கப்புறம் இரண்டு மாதம் கழித்து பஸ் ஏறினார். நான் வழக்கம் போல அவருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்து, பாலம் ஏறும் வரைக்கும் கந்த சஷ்டிக் கவசம் சொல்லிக்கொண்டு போனேன். இப்போது அந்தப் பெட்டி ஒரு வாரம் எங்கள் வீட்டில், ஒரு வாரம் கெப்பாலா பத்தாஸில்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு அதையும் வரிசையில் வைத்தேன். சந்தனக் கிண்ணத்தோடு குனிந்தபோது அவர் எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, "மூடி மேல," என்றார். "மூடி மேலதான் வைக்கறேன்," என்றேன். வைத்து முடிக்கும் வரைக்கும் நகரவில்லை.