மூன்று சான்ஸ்

பிள்ளைகளா, நேற்று நீங்கள் இருவரும் போனில் விளையாடுகிற அந்த வீரன் ஆட்டத்துக்காகச் சண்டை போட்டீர்கள். ஆட்டத்தின் விதியை மாற்றி அரக்கனை லேசாக்கிவிட்டார்கள், இனி ஜெயித்து என்ன மதிப்பு என்று ஒருத்தர். இப்போதாவது என்னால் ஜெயிக்க முடிகிறதே என்று இன்னொருத்தர். பக்கத்தில் இருந்த பெரியப்பா டீயைப் பாதியில் வைத்துவிட்டு, ஐரோலியில் இருக்கிற தன் வீட்டுக்கு பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டார். ஏன் போனார் என்று கேட்டீர்கள். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் பம்பாயில், தாராவியில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. என் அண்ணன், அதாவது உங்கள் பெரியப்பா, தோல்பை தைக்கிற பட்டறையில் வேலை பார்த்தார். சந்து முனையில் எங்கள் ஊர்ப்பக்கத்து பாய் ஒருவர் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். அங்கே ஒரு பெட்டிக்குத்தான் எப்போதும் கூட்டம். வாள் பிடித்த வீரன் கோட்டைக்குள் நுழைந்து, சாவி பொறுக்கி, பலம் சேர்த்து ஒவ்வொரு வாசலாகத் தாண்ட வேண்டும்.

பெட்டியின் முதுகைத் திறந்தால் உள்ளே சின்னச் சின்ன சுவிட்சுகள். அதைத் தள்ளி வைப்பதைப் பொறுத்து வீரனுக்கு ஐந்து உயிர், இல்லையென்றால் மூன்று. உயிர் என்று யாரும் சொல்வதில்லை, சான்ஸ் என்போம். எத்தனை சான்ஸ் என்பதில் தினமும் அடிதடி. அதனால் பாய் ஒரு வழக்கம் வைத்தார். கரண்ட் போனால் பெட்டி எல்லார் பெயரையும் மறந்துவிடும் என்று, அதிகப் புள்ளி எடுத்தவன் பெயரை ஒரு சிலேட்டில் எழுதி மேலே மாட்டியிருப்பார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கடை திறக்கும்போது, சிலேட்டில் பெயர் உள்ளவன் சொல்கிறபடி சுவிட்சை வைப்பார். அந்த வாரம் முழுக்க அதுதான் சட்டம்.

சிலேட்டில் எப்போதும் அண்ணன் பெயர். அண்ணன் சொல்வது எப்போதும் மூன்று.

"அஞ்சு சொல்லுண்ணே, மொத வாசல்லயே செத்துப்போறோம்" என்று பொடியன்கள் கெஞ்சுவார்கள்.

"அஞ்சு வேணும்னா பால்வாடிக்குப் போங்கல. ஆயா ஊட்டி விடுவா."

இட்லிக் கடைக்காரர் மகன் மட்டும்தான் எதிர்த்துப் பேசுவான். ஆட்டத்தில் அண்ணனுக்கு அடுத்தவன் அவன். "நீ ஒருத்தன் ஜெயிக்கதுக்கு நாங்க எல்லாரும் சாவணுமால?"

"லேசாக் கெடச்சா அது ஆட்டமால? அந்த சிலேட்டப் பாத்தா எனக்கே சிரிப்பு வரும்."

எனக்கு அண்ணன் சொன்னதுதான் சரி. அவர் தம்பி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன்.

பட்டறையில் அண்ணன் ஓட்டிய தோல் வெட்டும் மெஷினுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கிற அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. தீபாவளி ஆர்டர் குவிந்தபோது முதலாளி ஒரு பட்டனைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார். இனி ஒரு கை அழுத்தினால் போதும், இன்னொரு கை தோலைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம். வேலை லேசாகிவிட்டது என்றார். ஜல்தி, ஜல்தி என்று அவசரப்படுத்தினார். அண்ணனின் வலது கையில் இரண்டு விரல் போயிற்று. முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து, பையனுக்குக் கவனம் போதாது என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா தலையை ஆட்டினார்.

கட்டுப் போட்ட கையோடு அண்ணன் ஒரு வெள்ளிக்கிழமை கேம் கடைக்கு வந்தார். சிலேட்டில் அவர் பெயரை பாய் அழிக்காமல் வைத்திருந்தார். யாரும் பேசிவைக்கவில்லை, ஆனால் எல்லாப் பையன்களும் ஒரே குரலில் "அஞ்சு, அஞ்சு" என்று கத்தினார்கள்.

"அஞ்சுன்னு சொல்லிரு மக்கா. ஒண்ணும் கெட்டுப்போவாது" என்று இட்லிக் கடைக்காரர் மகன் தணிந்த குரலில் சொன்னான்.

பாய் பெட்டியின் முதுகைத் திறக்கிற சாவியோடு நின்றார். "சொல்லு தம்பி."

"மூணு."

பாய் அசையவில்லை.

"மூணு பாய். காது கேக்கலியா?"

அண்ணன் காசு போட்டு ஆடினார். கட்டுக்குள் மிச்சமிருந்த விரல்கள் பட்டனில் வழுக்கின. மூன்று சான்ஸும் முதல் வாசலுக்கு முன்னாலேயே போய்விட்டன. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. எக்கி நின்று, இடது கையால் சிலேட்டிலிருந்த தன் பெயரைத் தானே துடைத்துவிட்டு வெளியே வந்தார்.

"அஞ்சு சொல்லிருந்தா ஜெயிச்சிருக்கலாம்லாண்ணே?" என்று பின்னாலேயே ஓடிக் கேட்டேன்.

"பட்டறையில கம்பி கட்டும்போது எவனாவது என்கிட்ட கேட்டானா? இங்க கேட்டாவ. சொன்னேன்."

பட்டறைக்கும் வீடியோ கேமுக்கும் என்ன சம்பந்தம்? வலியில் உளறுகிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் சிலேட்டில் இட்லிக் கடைக்காரர் மகன் பெயர் ஏறியது. அவன் ஐந்து வைக்கச் சொல்லிவிட்டு, "அண்ணன வரச் சொல்லுல" என்று என்னிடம் சொல்லி அனுப்பினான். அண்ணன் போகவே இல்லை.

கட்டுப் பிரித்ததும் முதலாளி அவரை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அதே மெஷின். மத்தியானச் சோறு கொண்டு போனபோது பார்த்தேன், பட்டனில் கம்பி கட்டியபடியே இருந்தது. விரல் போனவனையும் வைத்துக்கொண்டாரே, நல்ல மனுஷன் என்று அம்மா சொன்னாள். நானும் கேம் கடைக்கு ஓடிப்போய், எல்லாரிடமும் அதையே பெருமையாகச் சொன்னேன்.