சுலோச்சனாவின் சொம்பு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எழுபத்திரண்டாம் வருஷக் கோடையில், அடையாற்றங்கரைக் குடிசை ஒன்றில், பட்டப்பகலில் நடந்தது இது. தேவானை தன் வாயாலேயே சொன்னது.

தேவானை, கொத்தனார் தங்கவேலுக்கு இரண்டாம் தாரம். மூத்தவள் சுலோச்சனா சித்தாள் வேலைக்குப் போனவள். தி.நகரில் மணல் சட்டியோடு சாரத்திலிருந்து விழுந்து செத்தாள். பூவும் பொட்டுமாகப் போனவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவது அவர்கள் வழக்கம். குடிசை மூலையில் அவளுக்கென்று ஒரு கலசம். வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள், குங்குமம், பூ.

தேவானைக்கு வயிறு எரிந்தது. உயிரோடு இருக்கும் சக்களத்தி என்றால் கொண்டையைப் பிடித்து இழுக்கலாம். சொம்பை என்ன செய்வது?

ஒருநாள் தங்கவேல் விளக்கம் வேறு சொன்னான். “சாமானா நெனைக்காத. சொம்புதான் ஒடம்பு. சுத்தின நூலு நரம்பு. தேங்கா தலை. உள்ள கீற தண்ணி உசுரு.”

“அவளுக்கு அல்லாத்தையும் வெச்சிட்டே. எனக்கு இன்னா வெச்சே?”

“சோறு வெக்கறேன்ல?”

சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கலசத்தின் முன் உட்கார்ந்தால் அவன் முகம் இளகும். அந்த முகம் அவளுக்குக் கிடைத்ததே இல்லை.

வியாழக்கிழமை அழுது தீர்த்தாள். “அவகூடவே குடும்பம் பண்ணு. நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன்.” அவன் விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை. உச்சிவெயில். தெருக்குழாய் வறண்டு கிடந்தது. பானையிலும் சொட்டு இல்லை. மூலையில் இருந்த சொம்பு மட்டும்... வேர்த்திருந்தது.

உனக்கு மட்டும் குளுகுளுன்னு தண்ணியா?

தேங்காயைத் தூக்கிக் கீழே வைத்தாள். மாவிலையைப் பிய்த்தாள். விளிம்புவரை தண்ணீர். கொட்டத்தான் எடுத்தாள். கை வாய்க்குப் போனது. அவன் கும்பிடுவது இனிமேல் என் வயிற்றில் இருக்கட்டும்!

மடக்... மடக்...

ஐஸ் மாதிரி இருந்தது.

மடக்... மடக்...

தண்ணீர் குறையவில்லை.

பல்லில் நறநறவென்று மணல்.

நிறுத்தப் பார்த்தாள். கை இறங்கவில்லை...

முதுகுக்குப் பின்னால், வெகு உயரத்திலிருந்து...

தொம்!

சொம்பு உருண்டது. உள்ளே ஒன்றுமில்லை. தரையிலும் ஈரமில்லை.

சாயங்காலம் தங்கவேல் வந்தான். வாசலிலேயே நின்று அவளைப் பார்த்தான். இளகின முகம்... அவள் ஏங்கிய அதே முகம். கிட்டே வந்து, அவள் வாயோரத்தில் ஒட்டியிருந்த மணலைத் துண்டால் துடைத்துவிட்டான்.

அவளுக்கு ஆசையாக இல்லை. பொறாமைதான் பற்றிக்கொண்டு வந்தது.

இவன் யாரைப் பார்க்கிறான்?

“அந்தத் தண்ணிய நான் குடிச்சிட்டேன்யா.”

“எந்தத் தண்ணி? நீ அய்துக்கினு கெடந்தியேன்னு, காலங்காத்தாலயே கொண்டுபோய் கடல்ல வுட்டு அவளை அனுப்பிட்டேன். வெறும் சொம்பு மேலதான் தேங்காயை வெச்சிட்டுப் போனேன், தேவானை.”