பேர் சொல்லி வந்த வாய்ஸ்

கோவில்பதாகையில் எங்கள் தெருவுக்கு எழுத்து ஆகாது. வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது நாலு வரி எழுதிப் போட்டால் ஒருத்தரும் படிக்கமாட்டோம். செலின் அக்காவின் வாய்ஸ் வரவேண்டும். தண்ணி லாரி எத்தனை மணிக்கு, கரண்ட் எப்போது போகும், ரேஷனில் பருப்பு வந்ததா, எல்லாவற்றையும் பிளவுஸ் தைத்துக்கொண்டே சொல்வாள். பின்னால் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். அவள் சொன்னால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம், மறுபேச்சே கிடையாது.

போன மார்கழியில் வேம்புலி அவளிடம் வந்தான். தெருக்கோடி வீட்டுக்காரன், ஒரு கட்சிக்கு ஃபோனில் பிரச்சாரம் செய்கிறவன். அவன் பொண்டாட்டி வளைகாப்புக்குக் கூலி வாங்காமல் பிளவுஸ் தைத்துக் கொடுத்தவள் அக்கா. தெருவில் ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லிப் பொங்கல் வாழ்த்து அனுப்பலாம், உன் குரலில் இருந்தால்தான் எடுபடும் என்றான். அக்காவுக்கு வாயெல்லாம் பல். நூற்றிருபது பேரையும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். வாழ்த்தில் என் பேரைக் கேட்டபோது எனக்கே மனசு குளிர்ந்துபோனது.

தேர்தல் நெருங்கிய நேரம், குழாயில் சாக்கடை கலந்து வந்து அக்காவின் மகள் ரியா காமாலையில் படுத்தாள். வேம்புலி கட்சியின் வேட்பாளர் ஞாயிற்றுக்கிழமை முக்கூட்டில் பேச வருகிறார், தெருவே திரண்டு போய் அவரிடம் நியாயம் கேட்பது என்று முடிவானது. வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தவள் அக்காதான்.

அன்று காலை, அவள் சர்ச்சில் இருந்தபோது, என் ஃபோனுக்குத் தனியாக ஒரு வாய்ஸ் வந்தது.

"பவித்ரா, இன்னிக்கு போவ வேணாம்மா. அண்ணன் என்னாண்ட பேசிட்டாரு, பைப்ப மாத்தறாங்களாம். நம்ம ஓட்டு அவருக்குத்தான்."

மிஷின் சத்தம்கூட இருந்தது. எல்லாருக்கும் அவரவர் பேரோடு வந்திருக்கிறது. ஒருத்தரும் போகவில்லை.

குழாயில் வந்த மஞ்சள் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு அக்கா மட்டும் போய் நின்றிருக்கிறாள். கட்சிக்காரர்கள் சிரித்து அனுப்பியிருக்கிறார்கள். திரும்பி வந்து என் வாசலில் நின்று, ஏன்டி வரவில்லை என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது, வேணாம் என்று சொன்னவளே கேட்கிறாளே என்று. ஃபோனை எடுத்துப் போட்டுக் காட்டினேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இது நான் இல்லடி."

இரண்டு பேருமாக வேம்புலி வீட்டுக்குப் போனோம். நாசமாப் போனவன், சாப்பிட்டுக்கொண்டிருந்த இலையிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை.

"பேரெல்லாம் நீ சொன்னதுதானேக்கா. மீதிய கம்ப்யூட்டர் சொல்லிச்சு. எலெக்‌ஷன் முடிஞ்சா எவன் ஞாபகம் வச்சிக்கினு கீறான்?"

சாயங்காலம் அக்கா குரூப்பில், அது நான் பேசவில்லை, நம்புங்கள் என்று வாய்ஸ் போட்டாள். அதற்குக் கீழே, இது எந்த செலின் என்று ஒருத்தர் எழுதினார். அதை மட்டும் எல்லோரும் படித்தோம். அக்கா குரூப்பை விட்டு வெளியேறினாள்.

இப்போது லாரி வந்தால் தெருவில் நடந்தே வந்து கூப்பிடுகிறாள். முந்தாநாள் என் வீட்டுக்கு எதிரே நின்று, லாரி வந்துவிட்டது என்று குரல் கொடுத்தாள். நான் ஜன்னலைத் திறந்து, முனையில் லாரி நிற்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடத்தை எடுத்தேன்.

அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.