கோடு வரைக்கும் எச்சில்

1. முதல் நாள்

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். வண்ணார்பேட்டையில் ஒரு லேபில் சாம்பிள் வாங்கி வரும் வேலை. ஒருநாள் பெங்களூர் கம்பெனி ஒன்றின் டிஎன்ஏ கிட் எங்களுக்கு வந்தது. எச்சிலைப் பார்த்தே ஒருவருடைய பூர்வீகம் எது, சொந்தக்காரர் யார் என்று சொல்லிவிடுவார்களாம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "ரத்தம் எடுக்கத்தான் சர்ட்டிபிகேட் வேணும் அண்ணாச்சி. எச்சில் வாங்க நீங்க போதும்" என்றார்.

வேலை எளிது. துப்புகிறவர் அரை மணி நேரமாக எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. குழாயில் போட்டிருக்கும் கோடு வரைக்கும் துப்ப வேண்டும். நுரை கணக்கில் வராது. மூடியைத் திருகிக் குலுக்கி, பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டி, விவரப் படிவத்தோடு கவரில் போட வேண்டும். கஷ்டம் ஒன்றே ஒன்றுதான். முன்பின் தெரியாதவர் வீட்டுக்குப் போய் "கொஞ்சம் துப்புங்க" என்று சொல்ல வேண்டும். நானோ டவுண் பஸ்ஸில் இறங்கும் ஸ்டாப் தாண்டிவிட்டால்கூடச் சத்தம் கொடுக்காமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடக்கிறவன்.

2. டவுணில் ஒரு வீடு

ரதவீதிக்குப் பக்கத்தில் பழைய சைவக் குடும்பம். பெரியவர் ஓய்வுபெற்ற அதிகாரி. அவருக்கு எண்பதாம் கல்யாணம் வரப்போகிறது. மண்டபத்தில் வைக்க, ஏழு தலைமுறைப் பெயர்களோடு வம்சாவளியை பிளெக்ஸ் அடிக்க வேண்டும் என்று பெங்களூரில் இருக்கும் ஒரே மகனுக்கு ஆசை. டிஎன்ஏ கிட்டுக்கு ஆர்டர் கொடுத்ததும் அவர்தான்.

அது செம்பை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து தண்ணீர் குடிக்கிற வீடு. பெரியவர் குழாயைப் பார்த்தார்.

"நான் பூசை பண்ணுதவன்டே. என் எச்சிலைக் குழாயில அடைச்சு, அதை நீ பையில போட்டு பஸ்ஸுல கொண்டு போகணுமாக்கும்?"

நான் குனிந்து ஸ்டிக்கரில் அவர் பெயரை எழுதினேன்.

"கொடுக்கலன்னா பையன் வருத்தப்படுவான். ஒனக்கு எச்சில் ஊறுமாடே?"

"ஊறும், ஐயா."

"அப்ப நீயே துப்பிட்டுப் போ. எல்லாம் மனுச எச்சில்தானே."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை, எச்சில்தான் வந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, சரியாகக் கோடு வரைக்கும் துப்பினேன். நுரையே இல்லாத நல்ல சாம்பிள். அவர் பெயர் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

3. ரிப்போர்ட்

ரிப்போர்ட் வந்ததும் மகன் லேபுக்கு போன் போட்டு நன்றி சொன்னார். முன்னோர்கள் நெடுங்காலமாகத் தென்னாட்டு மண்ணிலேயே வாழ்ந்தவர்கள் என்று அதில் இருந்ததாம். வீட்டு ஹாலில் பிரேம் போட்டு மாட்டிவிட்டார்கள். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில், நம் வம்சத்துக் கம்பீரம் இப்போது சயின்ஸிலேயே தெரிந்துவிட்டது என்று எழுதினார்களாம். எனக்கு என் தாத்தாவின் பெயர்கூடத் தெரியாது. அவருடைய கம்பீரம் ரதவீதிப் பக்கம் பிரேமுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் மகனும் பெங்களூரில் தன் எச்சிலைக் கொடுத்துவிட்டார். அவருக்கும் அப்பாவுக்கும் எந்த ரத்த சம்பந்தமும் இல்லை என்று முடிவு வந்தது.

மேனேஜர் என்னிடம், "ஸ்டிக்கரை மாத்தி ஒட்டிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மைதான், ஸ்டிக்கரை நான் மாற்றவில்லை. எங்கள் பக்கம் தப்பே இல்லை, வேண்டுமானால் இன்னொரு தடவை எடுத்துத் தருகிறோம் என்று அவர் பெரியவரின் மகனிடம் அடித்துச் சொல்லிவிட்டார்.

4. இரண்டாவது குழாய்

மகன் ஊருக்கு வந்திருந்தார். என்னை வாசலிலேயே நிறுத்தினார். அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லவில்லை, அம்மாவிடம் மட்டும் தனியாகக் கேட்டேன் என்றார். "மூணு நாளாச்சு. அம்மா எங்கூடப் பேசவும் இல்ல, சரியாச் சாப்பிடவும் இல்ல."

உள்ளே அந்த அம்மா அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றார்கள். பெரியவர் பிரேமுக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மறுபடியுமாடே? போன தடவை நல்லாத்தானே வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, கண்ணாலேயே சுவரைக் காட்டினார்.

இன்னொரு தடவை நான் சுவர்ப்பக்கம் திரும்பினால் அந்த அம்மாவின் பெயர் நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

"அது என் எச்சில்" என்றேன். மெதுவாகச் சொன்னதால் யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

மகன் நம்பவில்லை. "அம்மா முகத்தைப் பாத்துட்டு இரக்கப்பட்டுச் சொல்லுதீங்களா?" என்றார்.

பெரியவர் பேப்பரை மடித்தார். "நான்தான் அவனைத் துப்பச் சொன்னேன். அதுக்கு என்ன இப்ப?"

என்ன என்பதை மகன் சொன்னார். பெரியவர் நிமிர்ந்து பிரேமைப் பார்த்தார், பிறகு அடுக்களைப் பக்கம் பார்த்தார். அப்போதும் குழாய்க்குக் கை நீளவில்லை. "நான் வாயால சொல்லுதேன். அது போதாதா?" என்றார்.

அந்த அம்மா கணவரிடம் பேசவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

"தம்பி, கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து அவுக சாப்பிட்டு எந்திரிச்ச எலையிலதான் நான் சாப்பிடுதேன். எனக்கு ஒருநாளும் அது எச்சில்னு தோணல. என் மானத்துக்காக அவுக ஒரு குழாயில துப்ப மாட்டாகளாமா?"

பெரியவர் குழாயை வாங்கிக்கொண்டார். வாய் உலர்ந்து போயிருந்தது, வந்ததெல்லாம் நுரை. யாரும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. "இன்னும் கொஞ்சம், ஐயா. நுரை கணக்கில்லை" என்று நான் மூன்று தடவை சொன்னேன். அவர் கோட்டைத் தொட அரை மணி நேரம் ஆனது.

5. பிறகு

அப்பாவும் மகனும்தான் என்று ரிப்போர்ட் வந்தது. மேனேஜர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, ஆனால் வேலையை விட்டு எடுக்கவும் இல்லை. எண்பதாம் கல்யாணத்துக்கு அந்த அம்மாவே போன் பண்ணிக் கூப்பிட்டதால் போய்ச் சாப்பிட்டேன்.

பழைய ரிப்போர்ட் இன்னும் அந்த ஹாலில்தான் தொங்குகிறது. புது ரிப்போர்ட்டிலும் பூர்வீகப் பக்கம் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது, எதற்குப் பிரேமை மாற்ற வேண்டும் என்று மகன் விட்டுவிட்டார். பெயர் அவருடையது, எச்சில் என்னுடையது. வருகிறவர்கள் படித்துவிட்டுப் பெருமையாகத் தலையாட்டுகிறார்களாம்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இதுதான். கோட்டைப் பார்ப்பதற்கு முன்னால் துப்புகிற வாயைப் பாருங்கள். அவருக்கும் கூச்சமாக இருக்கும், உங்களுக்கும் கூச்சமாக இருக்கும். இருக்கட்டும், சுவர்ப்பக்கம் மட்டும் திரும்பிவிடாதீர்கள்.