கலிஸ்ரா கிண்டியெடுத்த கருங்கல்

முல்லைத்தீவுக் கரையில், மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த கலிஸ்ராவுக்குக் கண்ணிவெடி அகற்றும் வேலை. துணுக்காய்ப் பக்கத்து வயற்காணி ஒன்றில் அவளுடைய உலோகம் தேடும் கருவி ஓயாமல் கத்தியது. முழந்தாளிட்டு மண்ணைச் சுரண்டிப் பார்த்தால் வெடியில்லை, கருங்கல். ஆதியில் நெருப்புக்குழம்பு நிலத்தின் வெடிப்புக்குள் ஏறி இறுகிய கல்லாம்; அதில் காந்த இரும்பு கலந்திருப்பதால்தான் கருவி கத்துகிறதாம். பார்க்க வந்த புவிச்சரிதவியலாளர் சொன்னார்.

"அப்ப இனிக் கத்தினா, கல்லெண்டு விட்டிட்டுப் போகலாம்தானே அக்கா?" என்றான் கூட வேலைசெய்த தயாபரன்.

கலிஸ்ராவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "கிண்டிப் பாத்தாப் பிறகுதான்ரா அது கல்லு. அதுவரைக்கும் வெடிதான்!"

கருவியின் ஒரு சத்தத்தையும் அவள் கிண்டிப் பார்க்காமல் விடவில்லை. அந்தக் கல்லுகளுக்கு நடுவில் இருந்துதான் உண்மையான வெடிகளும் வந்தன.

இன்று அங்கே நெல் விளைகிறது. அவள் எடுத்த கல்லுகளில் பெரியதை மருதமரத்தடியில் வைத்து, பிள்ளையார் என்று கும்பிடுகிறார்கள் காணிக்காரர்கள். அந்த வழியால் போனால் கலிஸ்ரா மோட்டார்சைக்கிளை நிறுத்தி, நிமிர்ந்து நின்று பார்ப்பாள்.

"சேர்ச்சுக்குப் போற வேதக்காரி, பிள்ளையாரைக் கும்பிடப் போறியளோ அக்கா?" என்று கூடப் போன தயாபரன் ஒருநாள் சீண்டினான்.

"இவருக்கு முன்னாலை நான் எப்பவோ முழந்தாளிலை இருந்திட்டன். அப்ப இவர் வெடியெல்லோ!"