தங்கச்சி ஊர் எலெக்‌ஷன்

என் தங்கை போட்ஸ்வானாவில் இருக்கிறாள். அவள் புருஷனுக்கு அங்கே ஒரு வைரச் சுரங்கத்தில் மெஷின் பழுது பார்க்கும் வேலை. நானும் அம்மாவும் தங்கச் சுரங்கம் மூடிப்போன நந்திதுர்க்கில், அப்பா மைன்ஸில் வேலையில் இருந்தபோது கம்பெனி கொடுத்த அதே லைன் வீட்டில் இருக்கிறோம். விடிவதற்குள் ரயில் பிடித்து, பெங்களூரில் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போய் இருட்டியபின் வருகிறேன்.

அந்த நாட்டில் பாராளுமன்றத் தேர்தல் வந்தபோது அம்மாவுக்கு வேறு பேச்சே இல்லை. ஆட்சி மாறினால் வெளிநாட்டுக்காரர்களை அனுப்பிவிடுவார்களோ என்று தங்கை போனில் சொல்லிவைத்திருந்தாள். அன்றிலிருந்து அம்மா புத்த விகாரையில் தினமும் மெழுகுவத்தி ஏற்றினாள். எந்தக் கட்சி, என்ன சின்னம் என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

இங்கே தேர்தல் நடந்தபோது நான் வெயிலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். "வந்துட்டியா? தண்ணி வர்ற நேரம், கொடத்த எடு" என்றாள் அம்மா. யாருக்குப் போட்டேன் என்றுகூடக் கேட்கவில்லை.

அங்கே ஓட்டுப்பதிவு நாளன்று தங்கை வீடியோவில் வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் மடக்கு நாற்காலியோடு வரிசைக்குக் கிளம்புவதைக் காட்டினாள். தங்கையின் பின்னால் பெரிய ஜன்னல், வெள்ளைத் திரை. அம்மா போன் திரையைத் தடவியபடி, "எளச்சிட்டியேடி" என்றாள். என்னைப் பார்த்து அவள் அப்படிச் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகிறது. அவர்கள் திரும்பி வந்து இந்த லைன் வீட்டிலேயே நெருக்கியடித்துக் கிடக்கட்டும் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

ரிசல்ட் வந்தது. சுதந்திரம் வந்ததிலிருந்து ஆண்ட கட்சி தோற்றுவிட்டது. நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே போன் அடித்தது.

"இன்னாடி ஆச்சு? உங்கள அனுப்பறாங்களா?" அம்மா பாய்ந்து எடுத்துக் கேட்டாள்.

"ஒண்ணும் ஆவலம்மா. தோத்தவரே போன் பண்ணி ஜெயிச்சவருக்கு வாழ்த்து சொல்லிட்டாராம். ரோட்டுல எல்லாம் ஆடறாங்க, பாரு!"

திரையில் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. பக்கத்து வீட்டுப் பெண் ஆடிக்கொண்டிருந்தாள்.

"இவருக்கும் வேலைய நீட்டிட்டாங்கம்மா. மேனேஜரு இன்னிக்குத்தான் சொன்னாரு."

அம்மா கை தட்டிச் சிரித்தாள். எனக்கு நெஞ்சு எரிந்தது. இங்கே ஒவ்வொரு தேர்தலுக்கும் கட்சிக்காரர்கள் எங்கள் மூடிக்கிடக்கும் சுரங்க ஷாஃப்ட் முன்னால் வந்து நின்று, மைன்ஸைத் திறப்போம் என்கிறார்கள். நாங்களும் ஓட்டுப் போடுகிறோம். அங்கே ஒரு வாரத்தில் அரசாங்கமே மாறுகிறது, வேலையும் போகவில்லை. அந்த அதிர்ஷ்டமும் அவளுக்கே!

"அக்கா வீட்ல கீறாளாம்மா?" என்றாள் தங்கை. அம்மா போனை என் பக்கம் திருப்பினாள்.

"சந்தோஷம்டி" என்றேன். என் முகம் எப்படி இருந்ததோ, "டயர்டா கீறியாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

போனை வைத்ததும் அம்மா, "கொஞ்சம் கேசரி கிண்டேன், லைன்ல எல்லாருக்கும் குடுக்கலாம்" என்றாள்.

புடவை மாற்றாமலே ரவையை வறுத்தேன். கோபத்தில் நெய்யை அளவில்லாமல் ஊற்றினேன். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். "எங்க சின்னவ ஊர்ல எலெக்‌ஷன் நல்லபடியா முடிஞ்சிது" என்று வாசல் வாசலாகச் சொல்லும் குரல் கேட்டது. அடுப்படியில் நின்றபடியே நான் வாணலியில் மிச்சமிருந்ததைச் சுரண்டித் தின்றேன். கேசரி நன்றாகவே வந்திருந்தது.