டெர்கெலின் மரப்படி

மரப்படியை ஓட்ஸுக்குள் ஆழ அமிழ்த்தி எடுத்து, உள்ளங்கையால் ஒரே இழுப்பில் தலைதட்டுகிறார் டெர்கெல். தானியத்தைச் சல்லடையில் கொட்டித் தூசு போகச் சலித்தபின், ஒரு மணியை முன்பல்லில் வைத்துக் கடிக்கிறார். நறுக்கென்று உடைந்தால் அது குதிரைக்கு. நசுங்கினால் அந்த மூட்டை கோழிகளுக்குப் போகும்.

வயது ஐம்பத்தெட்டு. மணமாகவில்லை. வடக்கு யூட்லாந்தில், கடற்கழியைப் பார்த்த மேட்டு நிலத்தில், அபெலோனெ அம்மையாரின் பண்ணைக்கு அவர் தலைமைக் குதிரைக்காரர். லாயத்தை ஒட்டிய அறையில் உறங்குகிறார். தானியப் பெட்டியின் சாவி இடுப்பு வாரில் தொங்குகிறது. தேவாலயத்துக்குப் போகும்போதும் அதைக் கழற்றுவதில்லை.

முதலில் தண்ணீர், பிறகே தானியம் என்பது அவர் முறை. ஈரம் தெளித்த நறுக்கு வைக்கோலோடு ஓட்ஸைப் பிசறி, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியில் இடுவார். முன்பு இட்டதை நக்கித் தீர்க்காமல் அடுத்தது விழாது. "அள்ளி முழுங்காதடி, மென்னு தின்னு. மென்னாத்தான் சதை பிடிக்கும்" என்று குதிரையிடமே சொல்வார். மனிதர்களோடு அவ்வளவு பேச்சு இல்லை. சனிக்கிழமை மாலைகளில் தவிட்டுக் கூழும் வேகவைத்த ஆளிவிதையும் உண்டு. ஓய்வு நாளுக்கு முந்தைய மாலை முதலே தானியம் பாதிதான். அதில் மட்டும் இம்மியும் இளகமாட்டார். செம்பழுப்பு நிறப் பெண்குதிரை டாக்மார் முன்னங்காலால் தொட்டியை உதைத்துக் கேட்கும். "வேலைக்குத் தக்க சோறு. நாளைக்கு எந்த வயலை உழுது கிழிக்கப் போற நீ?" என்பார்.

அந்த லாயத்துக் குதிரைகளின் மினுமினுப்பு ஊரறிந்தது. வருகிறவர் எவரேனும், "இதுல முகம் பாத்துச் சவரம் பண்ணலாம் போலிருக்கே!" என்று புகழ்ந்தால், டெர்கெல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு லாயத்தின் மறுகோடிக்குப் போய்விடுவார். அடக்கம் என்று ஊர் அதற்குப் பெயர் வைத்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு. பன்றிகளுக்குத் தவிடு வாங்க லவ்ரிட்ஸ் வாளியோடு வரும்போதெல்லாம், டெர்கெலுக்குக் குதிரையின் அந்தப் பக்கத்தில் ஏதாவது வேலை இருக்கும். இதற்கு ஊர் எந்தப் பெயரும் வைக்கவில்லை.

லவ்ரிட்ஸ் முன்பு வண்டியோட்டி. டாக்மாரையும் அதன் ஜோடி பெர்லேயையும் பூட்டி ஓட்டியவர். ஒரு பெந்தெகொஸ்துப் பண்டிகை. ஞாயிறும் திங்களும் குதிரைகளுக்கு ஓய்வு. செவ்வாயன்று சந்தைக்குக் குதிரைகளைப் பார்த்துப் பரிசு தரும் மதிப்பாளர்கள் வருவதாக இருந்தது. பக்கத்துப் பண்ணையின் ஜோடி முந்தைய ஆண்டு பரிசு வாங்கியிருந்தது. செவ்வாய் காலை, பண்ணையைத் தாண்டிய முதல் மேட்டிலேயே பெர்லேக்கு வியர்த்துக் கொட்டியது. பின்கால்கள் மரக்கட்டையாய் விறைத்தன. காப்பி நிறத்தில் நீர் விட்டு, சாலையோரம் சரிந்து விழுந்தது. மறுநாள் இறந்தது.

ஓய்வில் நின்றபடி முழுத் தானியம் தின்ற குதிரையை வேலைக்குப் பூட்டினால் வரும் கேடு அது என்பதை அப்பகுதியில் குதிரை வளர்க்கும் எவரும் அறிவர். ஆனால் டெர்கெலின் லாயத்தில் அப்படி நடந்திருக்குமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. லவ்ரிட்ஸ் மேட்டில் விரட்டியிருப்பார் என்றனர். அவர் இல்லையென்றார். அம்மையார் டெர்கெலைப் பார்த்தார். டெர்கெல் தரையைப் பார்த்தார். லவ்ரிட்ஸ் பன்றிக் கொட்டிலுக்கு மாற்றப்பட்டார். "பன்னியையாவது மெல்ல ஓட்டுப்பா, மூச்சு வாங்குது பாரு" என்ற கேலி இன்றும் அவரைத் தொடர்கிறது.

இவ்வாண்டுப் பெந்தெகொஸ்துக்கு முந்தைய மாலை. லவ்ரிட்ஸ் தவிட்டுக்காக வாசலில் நின்றிருந்தார். அம்மையார் உள்ளே வந்தார்.

"டெர்கெல், நாளைக்குக் கறுப்புக் கோட்டு போட்டுக்குங்க. விவசாய சங்கத்துக்காரங்க பதக்கம் கொண்டு வர்றாங்க, உங்களுக்கு. குதிரைத் தீனியில உங்க கை மாதிரி வராதாம்."

"எனக்கு வேணாம்மா."

"கூச்சப்படாதீங்க. எல்லாரும் சாப்பிட வர்றாங்க. லவ்ரிட்ஸ், நீயும் வா."

"வர்றேம்மா" என்றார் லவ்ரிட்ஸ். "கை தட்ட ஆள் வேணுமில்ல? பன்னி வாடை அடிக்காம கடைசி பெஞ்சில உக்காந்துக்கிறேன்."

டாக்மார் தொட்டியை உதைத்தது. டெர்கெல் மரப்படியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அடுத்த கட்டுத்தறி வெறுமையாகவே இருந்தது. பெர்லேக்குப் பிறகு அங்கே வேறு குதிரையைக் கட்ட அவர் விட்டதில்லை. அம்மையார் வாசல்வரை போய்விட்டிருந்தார்.

"அம்மா, நில்லுங்க. அந்தப் பண்டிகைக்கு நான் பாதி போடல."

அவர் திரும்பினார்.

"ரெண்டு நாளும் முழுப்படி போட்டேன். தலைகூட தட்டல, குவிச்சே போட்டேன். மினுமினுப்புக்குன்னு மேல ரெண்டு கை கோதுமை வேற."

"அப்போ இவன் விரட்டலையா?"

"நடத்தித்தாம்மா கூட்டிட்டுப் போனேன்" என்றார் லவ்ரிட்ஸ். "அன்னிக்கே சொன்னேன். தொட்டியில ஒட்டியிருந்த கோதுமையையும் பாத்தேன். அவரே சொல்லுவாருன்னு இருந்தேன்."

டெர்கெலின் காது மடல்கள் சிவந்திருந்தன. குனிந்து இடுப்பு வாரை அவிழ்த்தார். துருவேறிய வளையத்திலிருந்து சாவியை உருவி எடுக்க அவர் விரல்கள் வெகுநேரம் திணறின. அதை லவ்ரிட்ஸ் பக்கம் நீட்டினார்.

லவ்ரிட்ஸ் உடனே வாங்கவில்லை. வாளியைக் கீழே வைத்து, உள்ளங்கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு சாவியை வாங்கிப் பெட்டியைத் திறந்தார். மரப்படியை டெர்கெலின் கையிலிருந்து எடுத்து, ஓட்ஸுக்குள் அமிழ்த்தி, உள்ளங்கையால் தலைதட்டி, பாதியைப் பெட்டிக்குள்ளேயே திரும்பக் கொட்டினார். மீதியை டாக்மாரின் தொட்டியில் இட்டார்.

பன்றிக் கொட்டிலில் அவர் இருந்தது ஆறு ஆண்டுகள்.